அத்தானின் இடது கை

அத்தானுக்கு வாயைவிட இடது கையில்தான் விஷம் அதிகம் என்று சின்னவள் சொல்லுவாள். கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தால் அவருடைய வலது கை பாட்டை வாசிக்கும். இடது கை கீழே இறங்கிப் போய், பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு நிற்கிற சின்னவள் என்ன வாசிக்க வேண்டுமோ அதையே வாசிக்கும், அதுவும் அவளுக்கு ஒரு மயிரிழை முன்னால். ஏழு வருஷமாக இதே கூத்து. நம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, நாம் பிசைவதற்குள் கையை விட்டு அள்ளுகிறவரோடு தினமும் பந்தியில் உட்கார முடியுமா? அவள் உட்கார்ந்தாள்.

கேட்டால் ஒரே பதில்தான் வரும். "உன்னை நான் தாங்குறேன்மா." அதைச் சொல்லும்போது டிரம்ஸ்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

கல்யாணம், கம்பெனி விழா, பிறந்த நாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிற பாட்டுக் குழு அது. அக்கா பாடுவாள். அத்தான் கீபோர்டு, தலைமை, வேன் ஓட்டுவது, எல்லாரையும் ஏசுவது. டிரம்ஸ்காரர் ஒருவர், கிட்டார்காரர் ஒருவர், கடைசியில் சின்னவள். பகலில் அவளுக்கு ஒரு பல் லேப்பில் வேலை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல் செட் செய்வாள். அதற்கு ஒரு திரவம் உண்டு. நகப் பூச்சுக் கடைக்குள் நுழைந்த மாதிரி மூக்கில் ஏறும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. அவள் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்த உடனே அத்தான் நாலு தும்மல் போடுவார். "பொணம் மாதிரி நாறுதே, கையைக் கழுவிட்டு வரக் கூடாதா?" என்பார். அக்கா வீட்டில் நகம் பூசினாலே மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆனால் இவளிடம் மட்டும் அவர் வேண்டுமென்றே தும்முவதாகச் சின்னவள் முடிவு கட்டியிருந்தாள்.

அப்படிப்பட்டவர்தான் வேனைப் பின்னால் எடுக்கும்போது அவளுடைய பேஸ் கிட்டார் மேல் ஏற்றினார். கழுத்து இரண்டு துண்டு.

"பார்க்கலை," என்றார்.

"உறையோட, ஆள் உயரத்துக்கு நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"வேனுக்குப் பின்னாடி அதைக் கொண்டு வந்து சாத்தினது யாரு? நானா?" உடைந்த துண்டை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒத்திகை. வாத்தியத்தோட வந்தா வா. இல்லேன்னா வேண்டாம். எனக்கு இடது கை இருக்கு."

ஆக, இவ்வளவுதான். ஏழு வருஷமாக நின்ற இடத்தை ஒரு கையால் நிரப்பிவிடலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த இடம் சின்னவளுக்கு வெறும் இடம் இல்லை. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவளை மறுபடி மனுஷியாக்கியது அந்த மேடைதான். அது போனால், காலை முதல் மாலை வரை ஊரான் பல்லோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அக்காதான் தனியாக அழைத்துச் சமாதானம் சொன்னாள். "அவர் கெடக்கார். நீ எப்படியாவது ஒண்ணு பார்த்துடுடி."

புதிது வாங்க வழியில்லை. மூன்று வாரம் தேடினாள். நான்காவது வாரம், பழைய சாமான் கடை ஒன்றில், துருப்பிடித்த இரும்புக் கட்டில்களுக்கும் ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவே அது குப்புறக் கிடந்தது. உடம்பு, கழுத்து, திருகாணி எல்லாவற்றின் மேலும் கேட்டுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்ட் இரண்டு கை அடித்திருந்தது. யாரோ அந்த வாத்தியத்தின் மேல் இருந்த கோபத்தை டப்பாவோடு கொட்டியிருந்தார்கள். தூக்கிப் பார்த்தாள். கல் மாதிரி கனம். அந்தக் காலத்து மரம்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"கேட் பட்டறை லோடுல வந்துச்சு," என்றார் கடைக்காரர். "எடைக்குப் போட்டது. உள்ளே இரும்பு இருக்கும்னு எடுத்தேன், வெறும் கட்டை. வேணும்னா சீக்கிரம் எடுத்துட்டுப் போ, அடுப்புக்குக் கேட்டுட்டுப் போயிருக்காங்க."

ஒரு ஜோடி செருப்பு விலைக்கு முடிந்தது. அவள் பேரம்கூடப் பேசவில்லை. பேசினால் அந்த ஆளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயம்.

அதற்கப்புறம் பத்து நாள். லேப் முதலாளி நல்ல மனுஷர். மதிய இடைவேளையில் மேஜையையும் கருவிகளையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மெழுகு உருக்குகிற ஊதுகுழலால் சூடு காட்டி, மெழுகு செதுக்குகிற கத்தியால் பெயின்ட்டைச் சுரண்டினாள். சாம்பல் தோல் உரிய உரிய, அடியில் ஓரத்தில் கறுப்பும் நடுவில் தேன் நிறமுமாக மரம் வெளியே வந்தது. அசல் பூச்சில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள். அவற்றைத் தொடவில்லை, தொட்டால் கெட்டது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. அதற்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை ஒரேயடியாக முறுக்கினால் மரம் பிளந்துவிடும் என்பதால் நாளைக்குக் கால் சுற்று, மறுநாள் கால் சுற்று என்று நிமிர்த்தினாள். பல் செட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் சக்கரத்தில் துணியைக் கட்டி, கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகப் பட்டிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பாலம் நொறுங்கியிருந்தது. கடையில் கிடைக்கவில்லை. பல் செட்டின் ஈறு செய்கிற பிசினைக் காய்ச்சி, அரத்தால் ராவி அவளே ஒன்று செய்தாள். அது ஈறின் நிறத்திலேயே, இளஞ்சிவப்பாக வந்தது. கிழட்டு வாத்தியம் வாயைத் திறந்து இளித்தது.

ஐந்தாம் நாள் உடம்பின் மேல்பக்கம் சுரண்டும்போது, கட்டை விரல் வைக்கிற இடத்தில் ஒட்டியிருந்த ஒரு மரத்துண்டு வெளிப்பட்டது. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வெட்டி ஒட்டிய துண்டு. அதில் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்கள்.

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்த ஸ்கேல் துண்டைக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு முன்னால் பேஸ் வாசித்த நெட்டை ஒட்டியது அது. ஆள் ஆறேகால் அடி. ஊரே நெட்டை என்றுதான் கூப்பிடும். "அளந்து வாசிக்கிறவன்டா" என்று டிரம்ஸ்காரர் கேலி பண்ணுவார். சின்னவள் அவரை மேடையில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள். அப்புறம் ஏதோ ஆகி, அவர் வாத்தியம் மேடையில் ஊமையாகிவிடும் என்று பேச்சு வந்தது. வீட்டில் பேசும், கடையில் பேசும், மேடை ஏறினால் மட்டும் பாதிப் பாட்டில் செத்துவிடும். நாலு மெக்கானிக் பார்த்தும் கோளாறு இல்லை என்றார்கள். கோளாறு ஆளிடம்தான், மேடை பயம் என்று அத்தானே எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த இடத்துக்குத்தான் சின்னவள் வந்தாள்.

ஒன்பதாம் நாள் புதுத் தந்தி போட்டு, சின்ன ஸ்பீக்கரில் இணைத்து வாசித்தாள். அடித் தந்தியில் ஒரு அடி. மேஜை மேல் இருந்த பல் செட்டெல்லாம் தாளம் போட்டன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் வேலை பார்க்கிறவர் சிரித்துக்கொண்டே, பிளாஸ்டர் ஊற்றும்போது குமிழி வராமல் அச்சைக் குலுக்குகிற இயந்திரத்தைப் போட்டார். மேஜை கிடுகிடுத்தது. சத்தம் நின்றது.

"அதை அணைங்க."

அணைத்தார். சத்தம் வந்தது. போட்டார். நின்றது.

பின்தட்டைத் திறந்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகிலிருந்து வெளியே போகிற ஒயரின் நடுவில், பச்சை டேப் சுற்றிய ஓர் ஒட்டு. டேப்பின் நுனி பிரியாமல் இருக்க, அதன் மேல் அரக்கு நிற நகப் பூச்சு ஒரு சொட்டு. அவள் குழுவில் இருக்கிற அத்தனை ஒயருக்கும் இதே பச்சை டேப், இதே சொட்டு. அத்தானின் கண்டிப்பான ஏற்பாடு அது. அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தால் டேப்பும் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டேப்பைப் பிரித்தாள். ஒயர் பிளேடால் அறுபட்டிருந்தது. இரண்டு நுனியும் முறுக்கவில்லை, பற்றவைக்கவில்லை. தொட்டும் தொடாமல் பக்கத்தில் படுக்க வைத்து டேப் சுற்றியிருந்தது. அமைதியான இடத்தில் பேசும். பக்கத்தில் டிரம்ஸ் அதிர்ந்தால் செத்துவிடும். சரி பண்ணிய மாதிரியே இருக்கும், அதனால் எந்த மெக்கானிக்கும் பிரித்துப் பார்க்க மாட்டான்.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெட்டையை டேப் சுற்றிக் கொன்றவர், என்னை வேன் ஏற்றிக் கொன்றார். எத்தனை சுத்தமான ஆள், துரோகத்துக்குக்கூட நுனியை ஒட்டியிருக்கிறார்! ஒயரை ஒழுங்காகப் பற்றவைத்தாள். அந்த டேப் துண்டைப் பத்திரமாக ஒரு பல் செட் டப்பாவில் போட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அக்கா வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். உறையைக் கழற்றியதும் டிரம்ஸ்காரர் எழுந்தே விட்டார். "ஏய், இது அளந்து வாசிக்கிறவனோடதுல்ல?" அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். அத்தான் ஒரு தும்மல் போட்டுவிட்டு, "பரவாயில்லையே, மச்சினிச்சி பொணத்தை எழுப்பிட்டா," என்றார்.

ஒரு பாட்டு வாசித்தார்கள். வாத்தியம் தரையைப் பிடித்துத் தூக்கியது. கிட்டார்காரர் வாயைப் பிளந்தார். அத்தானின் இடது கை வழக்கம்போல் இறங்கி வந்து, அவளுக்கு ஒரு மயிரிழை முன்னால் வாசித்தது. அதோடு சின்னவளின் பொறுமை போய்விட்டது. வாசிப்பை நிறுத்தி, டப்பாவைத் திறந்து கீபோர்டு மேல் வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லுங்க."

"டேப்பு."

"யாரு டேப்பு? நெட்டை அண்ணன் வாத்தியத்துக்குள்ள இருந்துச்சு. ஒயரை அறுத்துட்டு, ஒட்டின மாதிரி சுத்தி வச்சிருக்கு. அவர் பயந்தாங்கொள்ளின்னு ஊரு முழுக்கச் சொன்னீங்களே, சொல்ல நாக்கு எப்படி வந்துச்சு? என்னோடதையும் இப்படித்தானே ஏத்திக் கொன்னீங்க? நீங்கள்லாம் மனுஷனா?"

அத்தான் டேப்பை எடுத்து மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரும், கத்துவார் என்று சின்னவள் தயாராக நின்றாள். அவர் கத்தவில்லை.

"டேப்பு நான் சுத்துவேன்," என்றார். "இந்தச் சொட்டை யாரு வைக்கிறது? இந்த நாத்தம் பட்டாலே எனக்கு மூச்சு முட்டும். என்னிக்காவது அந்த பாட்டிலை நான் திறந்து பார்த்திருக்கியா?"

சின்னவள் பார்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் வேனின் பின்படியில் உட்கார்ந்து, ஒயரை மடியில் பரப்பி, சொட்டுச் சொட்டாக வைத்து ஊதுகிறவள் ஒருத்திதான். அத்தான் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

அக்கா சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஆமா, நான்தான். ஒரு பிளேடு, அஞ்சு நிமிஷம். இப்ப என்னங்கறே?"

சின்னவள் அக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"என்னடி பாக்கறே? பெட்டியோட வந்து எட்டு மாசம் செவுத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தியே, ஞாபகம் இருக்கா? குளிக்க மாட்டே, திங்க மாட்டே. அந்தக் கிட்டாரை மட்டும் மடியில வச்சுத் தடவிக்கிட்டிருப்பே. இந்த மனுஷன்கிட்ட எத்தனை தடவை கேட்டேன், இவளைச் சேர்த்துக்கோங்கன்னு. நெட்டை இருக்கான், எதுக்கு இன்னொருத்தின்னார். வேற என்ன பண்ணச் சொல்றே? உன்னைத் தூக்கிக் குழியில வச்சுட்டு நான் மேடையில பாடட்டுமா?"

"அவர்கிட்டப் போய்க் கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டுக் குடுப்பானா? எவன் குடுப்பான்?"

அத்தான் கீபோர்டின் முன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாலு தடவை," என்றார், யாரையும் பார்க்காமல். "நாலு தடவை மேடையிலயே வச்சு அவனை அசிங்கமாத் திட்டினேன்டி. கடைசித் தடவை அவன் பையன் முன்னாடி." பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் என்னை முறைக்காதே. வேனை எடுக்கும்போது நான் நெஜமாவே பார்க்கலை."

"ஆனது ஆச்சு," என்றாள் அக்கா. குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை. "வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி இருக்கு. உன் இடம் உன்னுது. வாத்தியத்தை எடுத்து வாசி."

சின்னவள் வாத்தியத்தை எடுத்தாள். உறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அக்காவை அடித்துவிடலாம் போலவும், அவள் காலில் விழுந்துவிடலாம் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யாமல் நடந்தாள்.

மறுநாள் மதியம், பழைய சாமான் கடைக்காரர் சொன்ன கேட் பட்டறையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெல்டிங் பொறிகளுக்கு அப்பால் நெட்டை குனிந்து நின்று ஒரு கேட்டுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவள் உறையைத் திறந்ததும் பிரஷ் நின்றது.

"இதை எதுக்கு இங்க கொண்டு வந்தே? எடைக்குப் போட்ட சனியன்."

நின்றபடியே சொன்னாள். அறுத்த ஒயர், டேப், சொட்டு, அக்கா, தனக்காக என்பது வரை, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு வாத்தியத்தை வாங்கி மடியில் வைத்து, அதன் மேல்கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு வாசித்தார். ஸ்பீக்கர் இல்லாத பேஸ் வெளியே யாருக்கும் கேட்காது; வாசிக்கிறவனின் எலும்புக்கு மட்டும் கேட்கும். கண்ணை மூடியிருந்தார்.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றார். அவளிடம் சொல்லவில்லை. "ஏழு வருஷமா என் கையைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்."

"அண்ணே..."

"மன்னிப்புக் கேக்க வந்தியா? அதெல்லாம் கிடையாது. உங்கக்காளுக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது."

"கேக்கலை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. உங்க இடம் காலியா இருக்கு."

"நீ?"

"நான் இல்ல."

அவர் அவளை வெகு நேரம் முறைத்தார். பிறகு கழுத்தின் நுனியைத் தடவி, "இது என்ன கண்றாவி, ஈறு மாதிரி?" என்றார்.

"ஈறேதான்."

அவர் சிரிக்கவில்லை. வாத்தியத்தையும் திருப்பித் தரவில்லை. மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். அவள் போகலாம் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அத்தானுக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமை யார் வருவார் என்று சொன்னாள். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். "சரிம்மா," என்றார். தும்மல்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தாள். போனாள். கம்பெனி விழா; கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை மறைப்பானேன்: அவர் சொதப்ப வேண்டும். ஏழு வருஷம் வாசிக்காத கை தடுமாற வேண்டும். சின்னவள் எங்கே, சின்னவள் இருந்திருந்தால் என்று நாலு பேராவது திரும்பிப் பார்க்க வேண்டும். இடத்தைக் கொடுத்துவிட்டாள். ஆனால் அது வெறுமையாக இருக்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து ஆசைப்பட்டாள்.

அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பின்னால், கடைசி நிமிஷத்தில் மேடையேறியிருந்த நெட்டை, தேன் நிற வாத்தியத்தோடு, தோளில் வாரை மாட்டிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. முதல் அடியை இரண்டு தடவை தப்பவிட்டு மூன்றாவது தடவைதான் பிடித்தாள். அந்த மனுஷனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பாடியாக வேண்டும். சின்னவளுக்குத் திருப்தியாக இருந்தது. அப்புறம் நெட்டை வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் பாட்டில் இரண்டு இடம் தடுமாறினார். இரண்டாம் பாட்டில் ஒன்றுமில்லை. மூன்றாம் பாட்டில் டிரம்ஸ்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். ஏழு வருஷத்தில் அந்தச் சிரிப்பைச் சின்னவள் பார்த்ததில்லை. பாட்டு நெட்டையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு போயிற்று. முன்வரிசையில் குழந்தைகள் எழுந்து ஆடின. சின்னவள் அத்தானைப் பார்த்தாள், அந்த ஆளாவது வழக்கம்போல் அள்ளுகிறாரா என்று.

அத்தானின் வலது கை வாசித்துக்கொண்டிருந்தது. இடது கை, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல், மடியில் கிடந்தது. நிகழ்ச்சி முடிகிறவரை அது மேலே வரவே இல்லை.